டேங்க்கின் மேல் ஒரு தங்கக் கோடு

உங்கள் வீட்டு வாசலில் பழைய வண்டி ஏதாவது நிற்கிறதா? காரோ, ஸ்கூட்டரோ, அப்பா காலத்து மோட்டார் சைக்கிளோ... எதுவாக இருந்தாலும் சரி. எழுந்து போய், அதன் மேல் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

விரலில் என்ன ஒட்டியிருக்கிறது? தூசுதானே என்று துடைத்துவிட்டு, ஈரத் துணியால் அந்த இடத்தையும் துடைத்து, காய்ந்ததும் இன்னொரு முறை இழுங்கள். இப்போதும் ஒட்டுகிறதா? சாக்பீஸ் மாவு மாதிரி, வண்டியின் நிறத்திலேயே? அது தூசு இல்லை சார். உங்கள் வண்டியின் பெயிண்ட். வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாவாக்கி உங்கள் விரலில் கொடுத்திருக்கிறது.

இந்த விரல் பரிசோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்தில் ஒரு சந்தில் பெயிண்ட் ஷெட் வைத்திருக்கிற பெரியவர். நான் அங்கே போனது என் நண்பனுக்குத் துணையாக. நண்பன் திருவொற்றியூர்க்காரன். அவனுடைய அப்பா 1970-களில் வாங்கிய கறுப்பு புல்லட் ஒன்று, அவர் காலமான பிறகு பல வருஷமாகத் தகர ஷெட்டில் கிடந்தது. ஆயுத பூஜைக்குள் அதைப் பழையபடி பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. கறுப்பு வண்டிதான். ஆனால் அன்றைக்குப் பார்த்தபோது அது கறுப்பா, சாம்பலா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். விரலால் இழுத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்:

"இன்னா தம்பி, புதுசா அடிச்சிரலாமா? இல்ல, இருக்கறத எடுத்துக் குடுக்கட்டா?"

'இருக்கிறதை எடுத்துக் கொடுப்பது' என்றால் என்ன? அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது, ஊசி, பீரங்கி, சினிமா பிலிம், பிரேசில் பனைமரம் என்று எங்கெங்கோ போக வேண்டியிருந்தது. வாருங்கள், ஒரு ரவுண்டு போய் வரலாம். கடைசியில் அதே ஷெட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

*

முதலில் ஊசி.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். நமக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டு மாதிரி, அவர்களுக்கு ரெட்டிச் என்றால் தையல் ஊசி. 19-ம் நூற்றாண்டில் உலகத்தின் பல மூலைகளில் பெண்கள் துணி தைத்தது அந்த ஊர் ஊசியில்தான். ஊசி என்றால் சும்மா கூராக இருந்தால் போதாது. வழவழவென்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியில் சிக்கும், துரு பிடிக்கும். எப்படி வழவழப்பாக்கினார்கள்? ஆயிரக்கணக்கான ஊசிகளை ஒரு கித்தான் துணியில் பரப்பி, அதோடு சோப்பையும் எமரித் தூளையும் கலந்து, மூட்டையாகக் கட்டி, தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் உருளைக் கட்டைகளுக்கு அடியில் போட்டு நாள்கணக்கில் உருட்டினார்கள். ஊசியோடு ஊசி உரசி, எமரி உரசி, கடைசியில் கண்ணாடி மாதிரி வெளியே வந்தன. அந்த மில் இன்றைக்கும் அங்கே மியூசியமாக இருக்கிறது.

அந்த ஊரில் 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ஆரம்பித்ததும் ஓர் ஊசிக் கம்பெனிதான். பிறகு சைக்கிள் செய்தார்கள். கம்பெனி கைமாறியது. என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுக்கும் ஆர்டர் கிடைத்தது. அந்தப் பெருமையில் 1893-ல் தங்கள் பொருளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932-ல் 'புல்லட்' என்ற பெயர். ஊசியில் ஆரம்பித்தது தோட்டாவில் வந்து நின்றது!

1950-களில் எல்லையில் ரோந்து சுற்ற உறுதியான வண்டி வேண்டும் என்று தேடிய இந்திய ராணுவத்துக்கு இந்த புல்லட் பிடித்துப்போனது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின. தொழிற்சாலைக்கு இடம்? திருவொற்றியூர். 1956-ல் வேலை ஆரம்பித்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகம் பாகமாகப் பெட்டியில் வந்ததை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனியே காலி. தாய்வீடு போனாலும் திருவொற்றியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண் நன்றாக வாழ்ந்தாள். 1977-லிருந்து புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் எப்போதாவது போயிருக்கிறீர்களா? கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிற ரோடு என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் இந்தியாவின் வண்டிச் சரித்திரத்தில் பாதி அந்த ஒரு பட்டையில் இருக்கிறது. மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் குழந்தைகளுக்கான பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் பின்னால் எம்.ஆர்.எஃப். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. அதுதான் பின்னால் அசோக் லேலண்ட்.

இன்னொரு தொழிற்சாலையும் உண்டு. நம் கதைக்கு அதுதான் முக்கியம். 1954-ல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் இங்கிலாந்துக் கம்பெனியோடும் சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல். அதன் சாணைச் சக்கரத் தொழிற்சாலை இதே திருவொற்றியூரில்தான். கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு. 1891-ல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் என்பவர் செயற்கை வைரம் செய்யப் பார்த்து, வைரம் கிடைக்காமல், வைரத்துக்கு அடுத்தபடியான கடினத்தோடு ஒரு கறுப்புப் பொருளைக் கண்டுபிடித்தார். பெயிண்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கறுப்பாக ஒரு உப்புத்தாள் தருவார்களே, அதில் பெரும்பாலும் ஒட்டியிருப்பது இதுதான்.

ஆக, ஒரே ரோட்டில் ஒருத்தர் பெயிண்ட் அடிக்கிறார். இன்னொருத்தர் தேய்க்கிறதற்குச் சாமான் செய்கிறார். வண்டியின் பளபளப்புக்கு இந்த இரண்டு பேருமே தேவை. ஏன் என்று பார்ப்போம்.

*

பளபளப்பு என்பது பெயிண்ட்டுக்குள் கலந்திருக்கிற ஏதோ ஒரு பொருள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கிடையாது. பளபளப்பு என்றால் மேற்பரப்பு சமமாக இருக்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான். குளத்துத் தண்ணீர் அசையாமல் இருந்தால் கோபுரம் அப்படியே தலைகீழாகத் தெரிகிறது. காற்று அடித்துச் சலசலத்தால் கோபுரம் கலைந்துவிடுகிறது. தண்ணீர் அதே தண்ணீர்தான். ஒளி ஒரே பக்கமாகத் திரும்பினால் பளபளப்பு. பல பக்கமும் சிதறினால் மங்கல்.

இதனால்தான் மங்கிய வண்டியில் தண்ணீர் ஊற்றியதும் ஐந்து நிமிஷம் புது வண்டி மாதிரி தெரிகிறது. குழிகளைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. காய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி!

அந்தக் காலத்துக் கோச்சு வண்டிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ராஜாக்களின் சாரட்டு வண்டிக்கு எண்ணெய் வார்னிஷை ஒரு கோட்டு அடிப்பார்கள். காய வேண்டும். தேய்ப்பார்கள். மறுபடி ஒரு கோட்டு. மறுபடி தேய்ப்பு. இப்படிப் பல அடுக்கு. வாரக்கணக்கில் இழுக்கும். கடைசியில் மெல்லிய தூரிகையால் ஓரத்தில் பொன் நிறக் கோடு இழுப்பார்கள். குதிரை போய் எஞ்சின் வந்தபோதும் இந்தப் பழக்கம் மாறவில்லை. சாரட்டிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு என்று அந்தக் கோடு வந்து இறங்கியது.

ஆனால் கார்க் கம்பெனிக்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. கார் செய்வது சில மணி நேரம். பெயிண்ட் காய்வது சில வாரம்! செய்த கார்களையெல்லாம் எங்கே நிறுத்துவது? ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்கிறார்கள். கறுப்பு ஜப்பான் என்ற, தார் வகை சேர்ந்த எனாமலைச் சூளையில் வைத்துச் சுட்டால் சீக்கிரம் காயும், நீடித்து உழைக்கும், விலையும் மலிவு.

முடிச்சை அவிழ்த்தது முதல் உலகப்போர். பீரங்கிக்கு வேண்டிய வெடிமருந்துப் பஞ்சு, அதாவது நைட்ரோசெல்லுலோஸ், போருக்காக மலை மலையாகத் தயாரானது. 1918-ல் போர் முடிந்தது. இனி அதை வைத்து என்ன செய்வது? அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனிக்கு அதுதான் கவலை. அதே நைட்ரோசெல்லுலோஸில் சினிமா பிலிமும் செய்துகொண்டிருந்தார்கள். 1920-ல் அவர்களுடைய பரிசோதனைக் கூடத்தில் அந்தக் கரைசலை நீர்க்க வைக்கும் வழி பிடிபட்டது. நீர்த்துப் போனால் என்ன லாபம்? நிறமியை நிறையக் கலக்கலாம், ஸ்ப்ரே கன்னில் ஊற்றிப் புஸ்ஸென்று அடிக்கலாம். சில மணி நேரத்தில் காய்ந்துவிடும்! 1923-ல் சந்தைக்கு வந்த அந்தப் பெயிண்ட்டின் பெயர்... டூகோ.

கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும். இன்றைக்கும் உங்கள் வீட்டுக்குக் கதவு, கட்டில் செய்ய வரும் ஆசாரி, "டூகோ அடிச்சிரலாம் சார், சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும்" என்பாரே, அதே டூகோதான். வெடிமருந்து, சினிமா பிலிம், கார் பெயிண்ட் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

இதைப் பற்றி ஒரு கதையும் சொல்வார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் கெட்டரிங், 'இவ்வளவு சீக்கிரம் பெயிண்ட் காயவே காயாது' என்று அடித்துச் சொன்ன ஒருவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாராம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த விருந்தாளி தன் காரைத் தேடினார், காணோம். எதிரே வேறு நிறத்தில் ஒரு கார் நின்றது. அதுதான் அவருடைய கார்! சாப்பிட்டு முடிப்பதற்குள் பெயிண்ட் அடித்துக் காயவும் வைத்துவிட்டார்கள். கதை எவ்வளவு உண்மையோ, 1924-ம் வருஷத்து ஓக்லேண்ட் கார்கள் நீல நிற டூகோவில் வந்தது நிஜம்.

ஆனால் டூகோவில் ஒரு சிக்கல் இருந்தது. கன்னிலிருந்து அடித்ததும் பளபளக்காது. காய்ந்த பிறகு தேய்த்துத்தான் பளபளப்பைக் 'கொண்டு வர' வேண்டும். வெயிலில் சில காலம் நின்றால் மறுபடி மங்கும். மறுபடி தேய்க்க வேண்டும். ரப்பிங் காம்பவுண்ட், பாலீஷ், மெழுகு என்று ஒரு தனி வியாபாரம் உலகம் முழுக்கச் செழித்தது இப்படித்தான். அப்புறம் எனாமல்கள் வந்தன, அக்ரிலிக் வந்தது, 1980-களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படலம் அடிக்கும் 'கிளியர் கோட்' பரவலானது. பெயிண்ட் மாறிக்கொண்டே வந்தது. வெயில் மட்டும் மாறவில்லை.

*

வெயில் என்ன செய்கிறது? பெயிண்ட் என்பது இரண்டு பேர் நடத்துகிற குடும்பம். நிறம் கொடுக்கிற பொடி ஒன்று. அந்தப் பொடியைப் பிடித்து வைத்திருக்கிற பிசின் இன்னொன்று. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிசினை உடைக்கிறது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஈரமும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. பிசின் போனதும் பொடி அநாதையாக மேலே நிற்கிறது. உங்கள் விரலில் ஒட்டியது அந்தப் பொடிதான். பெயிண்டர்கள் இதைச் 'சாக் அடிச்சிருச்சு' என்பார்கள்.

வடசென்னையில் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கிறது. ஒரு பக்கம் கடல் உப்பு. இன்னொரு பக்கம் கரி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் ராயபுரம் பக்கம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப் போட முடியாது. வேட்டிக்கே அந்தக் கதி என்றால் வாசலில் நின்ற வண்டிக்கு? சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2011-ல் கரி இறக்கும் வேலை எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரம் மூச்சு விட்டது. எண்ணூர்க்காரர்கள் கதை வேறு. அங்கே ஏற்கெனவே அனல் மின் நிலையச் சாம்பல். பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017-ல் மூடிவிட்டார்கள் என்றாலும் வடசென்னை அனல் மின் நிலையம் இருக்கிறதே!

இந்தச் சாம்பலைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். அது மாவு மாதிரி மென்மையாகத் தெரியும். ஆனால் அதில் நிறைய இருப்பது சிலிக்கா, அதாவது மணலின் சொந்தக்காரன். காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த துணியால் டேங்க்கை 'சரக் சரக்' என்று துடைக்கிறீர்கள் அல்லவா? துடைக்கவில்லை. உப்புத்தாள் போடுகிறீர்கள். தினமும், இலவசமாக!

சரி, மங்கிப் போச்சு. இப்போது என்ன செய்யலாம்? தேங்காய் எண்ணெய் தடவு என்பார் ஒருவர். மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்பார் இன்னொருவர். எண்ணெய், தண்ணீர் மாதிரியே குழியை நிரப்பிப் பளபளப்புக் காட்டும். ஆனால் மறுநாள் காலை தெருத் தூசி பூராவும் உங்கள் டேங்க்கில்தான் குடியிருக்கும். பற்பசை? அதில் மெல்லிய தேய்ப்புப் பொடி இருப்பதால் சின்ன இடத்தில் வேலை செய்யும். ஆனால் பல்லுக்குச் செய்தது பல்லுக்கே இருக்கட்டும்.

நான் பி.காம். படித்தவன். எதையும் ஐந்தொகைக் குறிப்பாகப் போட்டுப் பார்த்தால்தான் மண்டையில் ஏறும். அதனால் இப்படிச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் பெயிண்ட், கம்பெனியில் போட்ட மூலதனம். எவ்வளவு? கார்களில் எல்லா அடுக்கும் சேர்த்துச் சுமார் 100 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. நீங்கள் எழுதுகிற நோட்டுப் புத்தகத்தின் ஒரே ஒரு தாள் கனம். அவ்வளவுதான் மொத்தச் சொத்து!

மெழுகு பூசுவது, அந்தச் சொத்துக்குக் காவல் போடுவது. மூலதனம் குறையாது. கார்னாபா என்று பிரேசிலில் ஒரு பனை. அதன் ஓலை மேல் படியும் மெழுகைத் தட்டி எடுத்துத்தான் வண்டி மெழுகு செய்கிறார்கள். தேன்மெழுகு 62, 63 டிகிரியில் உருகிவிடும். நம்மூர் வெயிலில் கறுப்பு டேங்க் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கார்னாபா 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். பனைமரத்து மூளையே மூளை!

ஆனால் காம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது வேறு கணக்கு. செத்துப்போன மேல் பொடியைச் சீவி எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் உயிருள்ள பெயிண்ட்டை வெளியே கொண்டுவருகிறீர்கள். பெரியவர் சொன்ன 'இருக்கிறதை எடுத்துக் கொடுப்பது' இதுதான். ரெட்டிச் ஊசிக்கு எமரி செய்த அதே வேலை. பளபளப்பு வரும், சத்தியமாக வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் சில மைக்ரானைத் தின்றுவிட்டுத்தான் வரும். இது லாபம் இல்லை. முதலில் கை வைப்பது. வருஷத்துக்கு நாலு தடவை பண்டிகைக்குப் பண்டிகை காம்பவுண்ட் போடுகிறவர், சொத்தை விற்று விருந்து வைக்கிறார்!

அதனால் முறை என்ன? முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். நிழலில் வைத்து, உலோகம் குளிர்ந்த பிறகு ஆரம்பியுங்கள். மறைவான இடத்தில் ஒரு உள்ளங்கை அளவு மட்டும் மெல்லிய பாலீஷ் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் துணியில் வண்டியின் நிறம் வந்தால் அது பழைய ஒற்றைப் பெயிண்ட். நிறம் வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. அந்தக் கிளியர் கோட் தோல் உரிகிற மாதிரி உரிய ஆரம்பித்திருந்தால் எந்தக் காம்பவுண்ட்டும் காப்பாற்றாது, பணத்தை வீணாக்காதீர்கள். மெல்லியதில் வேலை முடிந்தால் முரட்டுக் காம்பவுண்ட் எதற்கு? விளிம்பு, மூலை, மடிப்பு இங்கெல்லாம் பெயிண்ட் மிக மெல்லியதாக இருக்கும். மெஷினைக் கொண்டுபோய் அங்கே அழுத்தினால் ஒரே நொடியில் பிரைமர் பல்லை இளிக்கும். எல்லாம் முடிந்த பிறகு மெழுகு. அதற்கப்புறம் காய்ந்த துணியை மறந்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனத்தையும் மறுநாளே கழுவிவிடுங்கள். மாசக்கணக்கில் விட்டால் பொட்டு அழிந்தாலும் பொட்டின் தடம் அழியாது.

*

ராயபுரம் ஷெட்டுக்குத் திரும்புவோம்.

பெரியவர் பேசும்போது நடுநடுவே இருமினார். சாதாரண இருமல் இல்லை. "நாப்பது வருஷம் கன்னு புடிச்ச கை. தின்னரு நெஞ்சுல ஏறிக்கிச்சு" என்று சிரித்தார். முகமூடி போடவில்லையா என்று கேட்டேன். கழுத்தில் சுற்றியிருந்த கர்ச்சீப்பைக் காட்டினார்.

கர்ச்சீப் பெரிய தூசியைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. இன்றைக்கு வண்டிகளுக்கு அடிக்கிற, 'ஹார்டனர்' கலக்கும் பெயிண்ட்டில் ஐசோசயனேட் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. ஸ்ப்ரே பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா கொண்டுவருவதில் அது உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்குக் கடிவாளம் போடும் விதியே நம் நாட்டில் 2016-ல்தான் வந்தது. அதற்கெல்லாம் முன்னால் அடித்த பழைய பெயிண்ட்டைக் காய்ந்த உப்புத்தாளால் சுரண்டி, அந்தத் தூசியை மூச்சில் இழுத்தவர்கள் எத்தனை பேரோ! நம் வண்டி பளபளக்க, இன்னொருத்தர் நுரையீரல் மங்கிக்கொண்டிருக்கிறது. பெயிண்ட் ஷெட்டுக்கு வண்டியை விடும்போது, பேரம் பேசுகிற வாயால் "நல்ல மாஸ்க் ஒண்ணு வாங்கிப் போடுங்கண்ணே, பில்லுல சேத்துக்குங்க" என்றும் சொல்லிப் பாருங்கள். நான் அன்றைக்கு அதைச் சொன்னேன். "இனிமே இன்னா சார்" என்றார். ஆனால் பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பையனைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு வேலைக்கு வந்தார். மட்கார்டையும் டூல் பாக்ஸையும் அரை நாளில் எடுத்துவிட்டார்கள். சாம்பல் கரைந்து கறுப்பு மேலே வந்ததைப் பார்க்க வேண்டுமே... எதிர்ச் சுவரில் காய்ந்த துணிகள் அதில் தெரிந்தன. நண்பன் வாயைப் பிளந்தான்.

டேங்க்குக்கு வந்ததும் பெரியவர் கையை எடுத்துவிட்டார்.

"இதுல ஒரு சமாச்சாரம் இருக்கு தம்பி."

டேங்க்கின் இரண்டு பக்கமும் ஓடும் தங்கக் கோடு. நீங்கள் புல்லட்டில் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஸ்டிக்கர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. திருவொற்றியூர் தொழிற்சாலையில் ஓர் ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து, மெல்லிய தூரிகையில் பெயிண்ட்டைத் தொட்டு, ஸ்கேல் இல்லாமல், ஒரே மூச்சில் இழுத்த கோடு. அடுத்த பக்கத்துக்கு அதே வளைவை எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். அந்த வேலை அங்கே குடும்ப வழியாக வந்தது. 2013-ல் ஒரகடத்தில் ரோபோக்கள் பெயிண்ட் அடிக்கும் புது ஆலை வந்த பிறகும் கோடு இழுக்கும் கை மட்டும் மாறவில்லை. 2023-ல் வந்த புது புல்லட்டில்கூட அந்தக் கைக்கோடு உண்டு. சாரட்டு வண்டிக்காரன் விட்டுப்போன சொத்து அது.

நண்பன் வண்டியில் அந்தக் கோடு பெயிண்ட்டுக்கு மேலே இருந்தது. அதற்கு மேல் காப்பு எதுவும் கிடையாது. காம்பவுண்ட் போட்டால் சாம்பலோடு சேர்ந்து தங்கமும் போய்விடும்.

"டேப்பு ஒட்டி, கோட்ட வுட்டுட்டு சுத்தித் தேச்சுத் தரேன். ஆனா இத பாரு" என்று டேங்க்கின் இடது பக்கத்தைக் காட்டினார். அங்கே ஓர் இடம். வண்டி முழுக்க மங்கியிருந்தபோதும் அந்த உள்ளங்கை அகலம் மட்டும் கண்ணாடியாக மின்னியது. அதன் நடுவில் பெயிண்ட் தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்த்தது. தங்கக் கோடும் அந்த இடத்தில் அறுந்திருந்தது.

"உங்கப்பா முட்டி" என்றார் பெரியவர்.

கால்நூற்றாண்டு காலம் தினமும் வேலைக்குப் போய் வந்த மனுஷனின் முட்டி. பேன்ட் துணியே பாலீஷ் துணி. தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தேய்த்துத் தேய்த்தே பெயிண்ட்டைத் தின்றிருக்கிறது.

"இந்த எடத்த மட்டும் டச்சப் பண்ணி, கோட்ட நானே சேத்துடறேன். வித்தியாசம் தெரியாது" என்றார்.

காலேஜில் எங்களுக்குத் தேய்மானம் போட இரண்டு முறை சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றில் சில வருஷத்தில் மதிப்பு பூஜ்யமாகிவிடும். இன்னொன்று குறைந்து செல் இருப்பு முறை. நூறு ரூபாய்ப் பொருளுக்கு 15 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருஷம் 85. அதற்கடுத்த வருஷம் 72 ரூபாய் 25 காசு. குறைந்துகொண்டே போகும். ஆனால் எத்தனை வருஷம் போட்டாலும் பூஜ்யம் வராது. அன்றைக்கு அது பரீட்சைக்குப் படித்த கணக்கு.

நண்பன் கொஞ்ச நேரம் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அது அப்படியே இருக்கட்டும்ணே. மெழுகு மட்டும் போட்டுக் குடுங்க."

பெரியவர் தலையாட்டினார். மெழுகை விரலில் எடுத்து, அந்த இடத்தைத்தான் முதலில் தடவினார்.